தெற்கு பிரான்சில் நாலு எலுமிச்சம்பழம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காக, குடும்பத்தோடு சிட்னியிலிருந்து தெற்கு பிரான்ஸ் வரை போய் வந்த முட்டாள் நான். பழிவாங்க வேண்டிய ஆள் பிரான்சில் இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். அவர் மெல்பர்னில், கிளென் வேவர்லியில், நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் பார்த்து வாங்கிய வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என் சகலை. ஒன்றரை மணி நேர விமானத்தில் போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு மாலைக்குள் செவன் ஹில்ஸுக்குத் திரும்பியிருக்கலாம். நான் பூமியின் மறுபக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

பகை ஒரு தபால் பெட்டியில் தொடங்கியது. அந்த வீட்டுக்கு அவர்கள் குடிபோன அன்று, பால் காய்ச்சி முடிந்ததும், சகலையின் புது வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினேன். பின்னால் எடுக்கும்போது கேமரா, சென்சார், என் மனைவி என்று மூன்று தரப்பிலிருந்தும் சத்தம் வந்தது. மூன்றையும் நான் நம்பவில்லை. வாசலில் செங்கல் வைத்துக் கட்டியிருந்த தபால் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆள் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பெருந்தன்மை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. சாய்ந்த பெட்டியைச் சாய்ந்தபடியே வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்: "இது எங்க சகலை வந்துட்டுப் போனதுக்கு ஞாபகார்த்தம்." ஏழு வருடமாக இதே வாக்கியம். ஒரு சொல் மாறியதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் தெற்கு பிரான்ஸ் போய்விட்டு வந்தார்கள். வந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்தம், நண்பர்கள், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிள் எல்லோரையும் கூட்டி, சுவரளவு டிவியில் படம் காட்டினார் சகலை. நாங்களும் சிட்னியிலிருந்து போயிருந்தோம். ஆபீசில் மீட்டிங்குக்கு வைத்திருக்கும் லேசர் விளக்கு அவர் கையில். ஒவ்வொரு கல் வீடு, ஒவ்வொரு நீல ஜன்னல், ஒவ்வொரு பூத்தொட்டி மேலும் அந்தச் சிவப்புப் புள்ளி போய் உட்கார்ந்தது. படத்துக்குப் படம் அவர் ஓட்டுநர் சீட்டில், முழங்கை ஜன்னலில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இரண்டரை மணி நேரம். மெதுவடை ஆறி ரப்பராகிவிட்டது. அப்போது ஒரு மலைச்சாலை வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் புள்ளியை வைத்து ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்த ரோட்டுல எங்க சகலை வந்தார்னா அழுதுடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த இடத்தில் வேறென்ன செய்வது. ஆனால் என் மனைவி சிரித்தது மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. அங்கேதான் முடிவெடுத்தேன். அதே சாலை, அதே கிராமங்கள், அதே விடுதி. நான் ஓட்டுவேன். ஓட்டிவிட்டு வந்து, இதே டிவியில், இதே சோபாவில் இவரை உட்காரவைத்து, இவரைவிட அரைமணி நேரம் கூடுதலாகப் படம் காட்டுவேன். அந்த வாக்கியத்தை இவர் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வைப்பேன்.

வீட்டில் காரணத்தைச் சொல்லவில்லை. லாவெண்டர் பூ பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். பின்கட்டு ரோஜாச் செடிக்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்றாதவன் இப்படிச் சொன்னால் எந்த மனைவி நம்புவாள்? ஆனாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறு வயது மகளுக்கு, சிட்னியின் ஜூலை மாதக் குளிர்கால லீவில் பிரான்ஸ் என்றதும் கேள்வியே எழவில்லை. மனைவியின் அக்காவிடம் போனில் சும்மா பேசுவதுபோல் பேசி, தங்கிய விடுதி, போன வழி எல்லாவற்றையும் கறந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனோம். மனைவி பிரயாணம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நான் சகலை தலைகுனிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழத்துக்காக உலகத்தையே மயிலில் சுற்றிவந்தும் பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன தெய்வத்திடம் இப்படி ஒரு காரியத்தை ஒப்படைத்தேனே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மார்சேய் விமான நிலையத்தில் வாடகை வண்டி கொடுத்தார்கள். சாம்பல் நிறம், சின்னது, கியர் வண்டி. ஆட்டோமேடிக் தீர்ந்துவிட்டதாம். எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்றுதான் கல்யாணத்துக்கு முன்பே மாமனாரிடம் சொல்லியிருந்தேன். திருச்சியில் தன் இரண்டு பெண்களையும் ஒரு கிழட்டுக் காரில் உட்காரவைத்து, கிளட்ச், கியர், மேடு, பள்ளம் எல்லாம் பழக்கியவர் அவர். மாப்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து ஆட்டோமேடிக். இடது கால் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எந்த வண்டியானாலும் முதல் ஓட்டம் எலுமிச்சம்பழத்தின் மேல்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் நாலு பழம் வாங்கி, மேய்ஸ் ஹில் விபூதியை வண்டியின் நெற்றியில் இட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன். சாவி கொடுத்த பையன் ஏதாவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தான். நான் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. பழக்க தோஷத்தில் வலது பக்கம் ஏறியிருந்தேன். இறங்கிச் சுற்றி வந்து மறுபடி ஏறினேன். முதல் தடவை வண்டி அணைந்தது. இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை குதிரைக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளியதில் இரண்டு பழம் நசுங்கியது, ஒன்று சிதறி ஓடியது, ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நாலாவது பழம்தான் என் வினை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

அடுத்து ரவுண்டானா. நம் ஊரில் வலஞ்சுழியாகச் சுற்றுவோம். அங்கே எல்லாம் தலைகீழ். திரும்பும் விளக்கைப் போட்டால் துடைப்பான் ஆடியது, துளி மழை இல்லாத வெயிலில். எந்த வழியில் வெளியேறுவதென்று தெரியாமல் அந்த வட்டத்தை நாலு முறை சுற்றினேன். நாலாவது சுற்றில், பாதையோரம் நாயோடு நின்ற ஒரு பெரியவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார். மகளும் பதிலுக்குக் கையசைத்தாள். எப்படியோ வெளியே வந்து ஒரு புல்தரையில் ஏறி நின்றது வண்டி. என் மனைவி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இறங்குங்க."

இறங்கினேன். அவள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ஒரு மூச்சு விட்டு, கிளம்பினாள். வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி போனது. மேற்கு சிட்னி முழுக்க வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் புண் கட்டும் நர்ஸ் அவள். சந்து பொந்து ஒன்றும் அவளுக்குப் புதிதல்ல. பின் சீட்டிலிருந்து மகள், "தாங்க் காட்," என்றாள். ஒரு பதினாறு வயதுப் பெண் கடவுளை அவ்வளவு பக்தியோடு நினைத்து நான் கேட்டதில்லை.

அடுத்த எட்டு நாளும் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். கிராமங்கள் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ரூசியோன் என்றொரு ஊர், மலை முழுக்கக் குங்குமமும் மஞ்சளும் கலந்த மண். வீடுகளும் அதே மண்ணைப் பூசிக்கொண்டு நிற்கின்றன. கோர்த் என்றொரு ஊர், பாறை மேல் கல் வீடுகளை ஒன்றின் தோளில் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் லாவெண்டர், கோடு போட்ட நோட்டு மாதிரி ஊதா வரிசை. கிட்டே போனால் பூவைவிடத் தேனீதான் அதிகம். மதியம் இரண்டு மணிக்குமேல் ஒரு கடையிலும் சாப்பாடு கிடையாது. பூட்டிய கதவுக்கு எதிரே, பிளேன் மர நிழலில், கொண்டுபோன குக்கரில் காலையில் வடித்த சாதத்தைப் புளிக்காய்ச்சலில் பிசைந்து தின்றோம். அதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் நான் அழகு பார்க்கப் போகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் என் கண்ணுக்குத் தெரிந்தது கிளென் வேவர்லி சோபா.

அதனால் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வண்டியை நிறுத்தச் சொல்வேன். மனைவி இறங்குவாள், நான் ஓட்டுநர் சீட்டில் ஏறுவேன், முழங்கையை ஜன்னலில் வைப்பேன், கறுப்புக் கண்ணாடி போடுவேன், மகள் படம் எடுப்பாள். பிறகு மறுபடி இடம் மாற்றிக்கொண்டு ஊருக்குள் போவோம். அவசரத்தில் ஒருமுறை வலது சீட்டில் உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தேன். மகள் அதையும் எடுத்துவைத்துக்கொண்டாள். இன்னொரு வேலையும் செய்தேன். வளைவுக்கு வளைவு மனைவியிடம், "இப்ப எந்த கியர்?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். எதற்கு என்றாள். சும்மா, ஒரு ஆர்வம் என்றேன்.

அந்த மலைச்சாலையும் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்று.

கடைசி இரண்டு நாள் சகலை தங்கிய அதே விடுதி. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வீட்டம்மா, அரைகுறை ஆங்கிலம், அவரே கிண்டிய பீச் பழ ஜாம். கிளம்புகிற நாள் காலையில், நாங்கள் இந்தியர்கள்தானே என்று உறுதி செய்துகொண்டு, விருந்தினர் எழுதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தைத் திருப்பினார். இந்த உருண்டை எழுத்து என்ன சொல்கிறதென்று இத்தனை நாளாகத் தெரியவில்லை, படித்துச் சொல்ல முடியுமா என்றார்.

தமிழ். மனைவியின் அக்கா கையெழுத்து. தமிழில் எழுதினால் அங்கே எந்தப் பிறவியிலும் யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது.

"ஜாம் அருமை. ஆறு நாளும் வண்டியை நான்தான் ஓட்டினேன். இவர் முதல் ரவுண்டானாவிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். மலையில் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று வந்தார். ஊருக்குப் போய்த் தான் ஓட்டியதாகச் சொல்லத்தான் போகிறார். சொல்லிக்கொள்ளட்டும். உண்மை எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்."

நான் இரண்டு தடவை படித்தேன். தபால் பெட்டி, ஏழு வருடம், மெதுவடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாளில் பதில் கிடைத்தது மாதிரி இருந்தது. வீட்டம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாம் நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறது என்றேன். இவ்வளவு நீளமாகவா என்று கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

மகளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். மனைவி வந்து படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "யாரும் படிக்க மாட்டாங்கன்னு நம்பி எழுதியிருக்கா. இதைக் கொண்டுபோய் அங்க காட்டாதீங்க," என்றாள். சத்தியமாகக் காட்டமாட்டேன் என்றேன். சொல்லும்போதே டிவியில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். நான் பெட்டிகளை வண்டியில் ஏற்றப் போனபோது, வீட்டம்மா கேட்டாரென்று அவளும் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். வெளியே வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"ஜாம் நல்லா இருந்துச்சுன்னு," என்றாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளென் வேவர்லி. அதே டிவி, அதே கூட்டம், அதே அங்கிள். சகலையை சோபாவின் நடுவில் உட்காரவைத்தேன், எழுந்து போக முடியாதபடி இரண்டு பக்கமும் கனமான ஆட்களாகப் பார்த்து. அவருடைய லேசர் விளக்கைக் கேட்டேன், அது என் கைக்கு எதற்கு என்று தர மறுத்துவிட்டார். பரவாயில்லை, விரலால் காட்டிக்கொள்கிறேன் என்றேன். படங்களை வரிசையாக அடுக்கித் தந்தது மகள். புத்தகப் படம் கடைசியில் வர வேண்டும், அதற்கு முன்னால் வரவே கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

முதல் மலை வளைவு வந்ததும் நிறுத்தினேன். "சகலை, இதை நீங்க எந்த கியர்ல எடுத்தீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். "மூணுன்னு நினைக்கிறேன்."

"மூணா? நான் ரெண்டுல எடுத்தேன்," என்றேன், மனப்பாடம் செய்ததை.

அடுத்த வளைவு, அடுத்த கேள்வி. அதற்கடுத்த இறக்கம், அதற்கும் ஒரு கேள்வி. எந்த கியர், எந்த கியர் என்று எலுமிச்சை பிழிகிற மாதிரி பிழிந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கண் குசினிப் பக்கம் போய்வந்தது. (சமையலறைக்குக் குசினி என்பது அந்த வீட்டில் அங்கிளிடமிருந்து எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட சொல்.) ரிவர்ஸ் போடும்போது அந்த வளையத்தைத் தூக்க மறந்து நீங்களும் தடுமாறினீர்களா என்று கேட்டேன். எந்த வளையம் என்றார். உள்ளேயிருந்து மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், குரல் கொடுத்தார்கள், "குச்சிக்குக் கீழ இருக்குமே, விரலால தூக்குற மாதிரி, அது." கூட்டத்தில் பாதித் தலைகள் குசினிப் பக்கம் திரும்பின. சகலையின் நெற்றியில் வியர்வை. ஏழு வருடத்தில் அவ்வளவு இனிப்பான ஒரு மதியத்தை நான் அனுபவித்ததில்லை. மணியைப் பார்த்தேன். மூன்று மணி நேரம். அவருடைய கணக்கைத் தாண்டியாகிவிட்டது. வடை ஆறிவிட்டது, அதுவும் என் ஏற்பாடுதான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று மகளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அண்ணியின் கையெழுத்து சுவர் முழுக்க விரிந்தது. நான் படிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. யாழ்ப்பாணத்து அங்கிள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக, செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தார். முருகா முருகா வரைக்கும் வந்ததும் நிறுத்திச் சகலையைப் பார்த்தார். "அப்ப நீங்கள் ஓடேல்லையோ?"

அண்ணி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்கள். தன் எழுத்தைத் தானே ஒருமுறை படித்தார்கள். கோபிப்பார்கள் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. உள்ளே வந்து, அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். சத்தியத்தை ஞாபகப்படுத்துகிற பார்வை. நான் டிவியைப் பார்த்துக்கொண்டேன். சகலையின் முகத்தில் அந்தத் தபால் பெட்டியின் சாய்வை அப்படியே பார்த்தேன். அழுதுடுவாரு என்ற அந்த வாக்கியத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

டிவியில் படம் மாறியது. இன்னொரு பக்கம். அதுவும் தமிழ்.

நான் மகளைப் பார்த்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருடம் ஓட்டிக்கொண்டுபோய் விட்ட பிள்ளை. தோளைக் குலுக்கினாள். "புக் போட்டோ லாஸ்ட்ல போடச் சொன்னீங்க. ரெண்டுமே தமிழ்தானே, ரெண்டையும் போட்டுட்டேன்."

இந்தத் தடவை அங்கிள் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. சகலை சட்டைப் பையிலிருந்து லேசர் விளக்கை எடுத்தார். சிவப்புப் புள்ளி முதல் சொல்லில் போய் உட்கார்ந்தது. சொல் சொல்லாக, ஒன்றையும் விடாமல், அவர் வாசித்தார்:

"அக்கா, உன் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் கதையும் இதேதான். உனக்கு ஆறு நாள், எனக்கு எட்டு நாள். அத்தானாவது கண்ணை மூடிக்கொண்டு வந்தார். இவர் திறந்துவைத்துக்கொண்டு வழி சொன்னார். நாலு எலுமிச்சம்பழம் தண்டம். ஜாம் நன்றாக இருந்தது."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூட்டம் முழுக்கச் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்த இரண்டு பேரின் சிரிப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவர் புள்ளியை இன்னும் அந்த எலுமிச்சம்பழத்தின் மேலேயே வைத்திருந்தார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. நான் விடவில்லை.

"சகலை, அந்தக் கடைசி மலை இறக்கம் இருக்கு பாருங்க, அதை மட்டும் நான்தான் ஓட்டினேன்," என்றேன்.

அவர் விளக்கை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எந்த கியர்ல?"